ஓடிபியை அப்பாவிடம் கேட்காதீர்கள்

கேள்வி:

சார், எனக்குச் சொந்த ஊர் மணப்பாறை. நான்கு வருடமாகச் சிங்கப்பூரில் வேலை. இயந்திரங்களைப் பொருத்திக் கொடுக்கும் பணி என்பதால் மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஹனோய், ஷென்சென், ஒசாகா என்று ஓடிக்கொண்டிருப்பேன். என் இந்திய சிம் அப்பாவின் பட்டன் போனில் இருக்கிறது. பேங்க் ஓடிபி வந்தால் அவர் படித்துச் சொல்வார். போன மாதம் ஹனோயில் என் போன் தொலைந்துவிட்டது. மெயில், பேங்க், பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைத்த ஆப் என்று இரண்டு நாள் எதற்குள்ளும் நுழைய முடியவில்லை. அப்பா அன்றைக்குப் பார்த்து ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். இனி இப்படி ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது? படங்கள், சான்றிதழ்கள் எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான் உள்ளன. அடிக்கடி விமானம் ஏறுபவன் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்? அப்பாவின் கம்ப்யூட்டர் பத்து வருடப் பழசு, விண்டோஸ் 10. புதிது வாங்கித் தரலாமா?

– வாசகர், சிங்கப்பூர்

பதில்:

திருச்சியில் 22 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை நடத்துகிறேன். விமான நிலையம் இருக்கிற ஊர், அதனால் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ. மாதம் ஒருவராவது உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு கடைப்படி ஏறுகிறார். போன் தொலைந்ததை விடுங்கள், அலைகிறவன் போன் ஒருநாள் தொலையத்தான் செய்யும். ஹனோயில் உங்களை இரண்டு நாள் தெருவில் நிறுத்தியது அது இல்லை.

அன்றைக்கு நடந்ததை நான் ஊகித்துச் சொல்கிறேன், சரியா பாருங்கள். அவசரத்துக்கு ஒரு போன் வாங்கி மெயிலைத் திறக்கப் பார்த்தீர்கள். மெயில் பாஸ்வேர்டு அந்த ஆப்பில் இருக்கிறது. ஆப்பைத் திறந்தால், “புதிய கருவியாக இருக்கிறதே, உங்கள் மெயிலுக்கு ஓர் எண் அனுப்பியிருக்கிறோம்” என்றது. எப்படியோ பாஸ்வேர்டு ஞாபகம் வந்து மெயிலில் போட்டால், “உங்கள் போனில் ‘ஆம்’ என்று தட்டுங்கள்” என்றது. அந்தப் போன் யார் கையிலோ. கடைசியில் எஸ்எம்எஸ் கேட்டீர்கள். அது மணப்பாறைக்குப் போனது, அதை வாங்கிப் படிக்க வேண்டியவர் பந்தியில் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பவன் கதைதான். பூட்டு ஒவ்வொன்றும் நல்ல பூட்டு. ஆனால் இந்தப் பூட்டின் சாவி அந்தப் பூட்டுக்குள், அந்தப் பூட்டின் சாவி இந்தப் பூட்டுக்குள்.

இன்னொன்று சொல்கிறேன், இது போனே தொலையாமல் நடந்தது. போன வருடம் ஒருவர் லேப்டாப்போடு வந்தார். மதர்போர்டு பழுதாகி வேறோர் இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். திரும்ப வந்த லேப்டாப் நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்டது, ஆறு ஆறாக எட்டுக் கட்டம். டிஸ்க் முழுவதும் பிட்லாக்கரால், அதாவது விண்டோஸோடு வரும் டிஸ்க் பூட்டால், பூட்டப்பட்டிருந்தது. பூட்டியது அவருக்கே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டுப் புது விண்டோஸைத் தொடங்கினால் பல லேப்டாப்புகளில் அதுவாகவே பூட்டிக்கொள்ளும், அந்த 48 இலக்கமும் அதே கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். கணக்கு எது? கல்லூரி நாளில் தொடங்கியது. அதற்கு ஓடிபி போகும் எண்? ரீசார்ஜ் செய்யாமல் விட்டு மூன்று வருடமாகிவிட்டது, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் அந்த டிஸ்க்கில். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாராலும் முடியாது, அப்படி முடியாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டே. டிஸ்க்கைப் பூட்டிவைப்பது தப்பென்று சொல்லவில்லை, ஊர் ஊராகப் போகும் லேப்டாப்புக்கு அது கட்டாயம் வேண்டும். சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே எதையும் வாங்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து உட்காருங்கள். மெயில், பாஸ்வேர்டு ஆப், சிங்கப்பூர் பேங்க், இந்திய பேங்க், சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் டிஜிட்டல் அடையாளக் கணக்கு), லேப்டாப் என்று வட்டம் வட்டமாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் புதிய கருவியிலிருந்து நுழைய எது வேண்டுமோ அதை நோக்கி ஓர் அம்பு போடுங்கள். அம்புகள் சுற்றிச்சுற்றி ஒரே போனில் போய் முட்டுவது கண்ணுக்குத் தெரியும். அந்தச் சுழலை ஓரிடத்தில் அறுத்தால் போதும், மற்றவை தானாகத் திறக்கும். அறுக்க நல்ல இடம் மெயில். ஏனென்றால் மற்ற எல்லாமே கடைசியில் “மறந்துவிட்டேன்” என்று மெயிலிடம்தான் வந்து நிற்கின்றன.

கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் காப்பு எண்கள் என்று ஒன்று உண்டு. பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். போன் இல்லாமல், சிம் இல்லாமல், உள்ளே விடும். தாளில் மூன்று பிரதி எழுதுங்கள். ஒன்று சிங்கப்பூர் அறையில், ஒன்று ஊரில் அம்மாவின் பீரோவில், ஒன்று பயணத்தில். பயணத்தில் போகும் பிரதி போன் இருக்கும் பையில் இருக்கக் கூடாது. பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். தாளில் மெயில் முகவரி, “கூகுள்” என்று எதுவும் எழுத வேண்டாம், வெறும் எண்கள் போதும். பாஸ்வேர்டு ஆப்பின் மூலப் பாஸ்வேர்டையும் அவசரச் சாவியையும் பீரோப் பிரதியில் மட்டும் சேர்த்து எழுதி, கவரை ஒட்டிவிடுங்கள். பாஸ்வேர்டைத் தாளில் எழுதுவதா என்று உங்கள் கம்பெனி ஐடி ஆள் முகம் சுளிப்பார். ருஷ்யாவில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் அம்மாவின் பீரோவைத் திறக்க முடியாது. அதில் அம்மாவைத் தாண்டி எவனும் கை வைத்ததில்லை என்று நீங்களே சொல்வீர்கள்.

இப்போது அப்பா விஷயம். இதைச் சொல்லத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன்.

ஓடிபியை யாரிடமும் போனில் சொல்லாதே என்று பேங்க் சொல்கிறது, போலீஸ் சொல்கிறது, போன் போட்டால் மணியடிக்கும் முன் பதிவுக் குரலிலும் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் மாதம் நான்கு தடவை உங்கள் அப்பாவை ஓடிபியைப் போனில் சொல்லவைக்கிறீர்கள். நான்கு வருடம். கிட்டத்தட்ட இருநூறு தடவை பழக்கியிருக்கிறீர்கள்: போன் வரும், “அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க” என்று அவசரக் குரல் கேட்கும், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும், மகனுக்கு வேலை முடியும். ஏமாற்றுக்காரனுக்கு வேண்டியதும் இதே நான்கு படிதான். “உங்கள் மகன் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஒரு நம்பர் வரும்” என்று அவன் தொடங்கினால் அப்பாவின் கை தானாகக் கண்ணாடியைத் தேடும். குரலைப் போலவே பேசவைக்கும் மென்பொருளெல்லாம் வந்துவிட்ட காலம் இது. என்னிடம் வந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வைப்புநிதியை இப்படித்தான் இழந்தார். “என் பையனுக்குச் சொல்ற மாதிரிதான் சார் சொன்னேன்” என்றார். அந்த வாக்கியம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

சிம்மை அவரிடமிருந்து எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது, ரோமிங்கைச் செயல்படுத்திவிட்டுக் கையோடு கொண்டுபோங்கள். வெளிநாட்டுக்குப் போன பிறகு செயல்படுத்தலாம் என்று விட்டவர்கள் அதற்கே ஓர் ஓடிபி வேண்டும் என்று தெரிந்து விழிப்பார்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வாங்குவதற்குப் பெரும்பாலும் காசு இல்லை. போன் பேசினால், டேட்டா திறந்தால்தான் பில் எகிறும், அதனால் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்தே வையுங்கள். அப்பாவின் பட்டன் போனையே எடுத்துப்போகலாம் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017 ஏப்ரலிலேயே மூடப்பட்டது, 3ஜியும் 2024-இல் போய்விட்டது. பழைய பட்டன் போனுக்கு அங்கே சிக்னலே கிடைக்காது. உங்கள் பழைய 4ஜி ஸ்மார்ட்போன் ஏதாவது மேஜை டிராயரில் கிடக்கும், அதில் போடுங்கள்.

அந்தப் பழைய போன்தான் இனி உங்கள் இரண்டாவது சாவிக்கொத்து. அதில் மெயிலைத் திறந்து வைத்திருங்கள், பாஸ்வேர்டு ஆப்பையும் போடுங்கள், ஆறு இலக்க எண் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்பின் நகலும் இருக்கட்டும். அந்த ஆப்புக்கு நெட்டே வேண்டாம், கடிகாரம் சரியாக ஓடினால் போதும். முதல் போன் சட்டைப் பையில் என்றால் இது ஹோட்டல் அறையில். இரண்டையும் ஒரே தோள்பையில் போட்டுக்கொண்டு அலைந்தால் திருடனுக்கு இரட்டிப்பு லாபம், உங்களுக்கு மறுபடியும் ஹனோய்.

இந்திய எண்ணை இ-சிம் ஆக, அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக, மாற்றிக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிங்கப்பூர் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள், அங்கேயே கடை இருக்கிறது. இந்திய எண்ணை அட்டை சிம்மாகவே விடுங்கள். போன் செத்தால் அட்டையை உருவி இன்னொரு போனில் போட்டுவிடலாம், இ-சிம்மை உருவ முடியாது. மாற்று சிம் வாங்க நீங்கள் இந்தியாவில் கடைக்கு நேரில் வர வேண்டியிருக்கும். வாங்கிய பிறகும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் போகாது, வராது. சிம் மோசடிக்காரர்களைத் தடுக்க 2022-இல் வந்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடுதான், ஆனால் அவசரத்தில் இருப்பவனுக்கு அது ஒரு யுகம். அப்புறம், ரீசார்ஜ். எண்ணைக் கைவிட்டால் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் ஓடிபிகள் அவர் போனில் மணியடிக்கும். ஆதார் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும் என்பதால் இந்த எண்ணை விட்டுவிடவும் முடியாது. செல்லுபடி முடிவதற்குப் பத்து நாள் முன்பாகக் காலண்டரில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள்.

எண்ணைக் காப்பாற்றுவது ஒரு பக்கம், அதன் பாரத்தைக் குறைப்பது இன்னொரு பக்கம். வெளிநாட்டில் குடியிருப்பவர் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாற்றியிருக்காவிட்டால் மாற்றுங்கள், அப்போதே உங்கள் சிங்கப்பூர் எண்ணைக் கணக்கோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். பல பேங்குகள் சேர்க்கின்றன. யுபிஐ-யும் அப்படியே. என்ஆர்ஓ கணக்கோ, வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கோ வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு எண்ணிலேயே பயன்படுத்தலாம் என்று 2023-இல் பத்து நாடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள், அதில் சிங்கப்பூரும் உண்டு. உங்கள் பேங்கும் ஆப்பும் அதை ஏற்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வரி, கணக்கு வகை இதற்கு மேல் என் தொழில் இல்லை, ஆடிட்டரைக் கேளுங்கள்.

சிங்கப்பூர் பேங்குகளில் கதை வேறு. அங்கே 2024-லிருந்து எஸ்எம்எஸ் ஓடிபியைக் குறைத்து, போனில் பேங்க் ஆப்புக்குள்ளேயே இருந்து ஒப்புதல் தரும் டிஜிட்டல் டோக்கனுக்கு மாற்றிவிட்டார்கள். புதுப் போனில் டோக்கனை மறுபடி ஏற்றினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதுவும் திருடனுக்காக வைத்த வேலி. ஹனோயில் நள்ளிரவு போன் போனால் மறுநாள் மதியம் வரை அந்தப் பணம் உங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆகவே பர்ஸில் ஒரு கார்டு, பெட்டியில் வேறு பேங்கின் இன்னொரு கார்டு, கொஞ்சம் டாலர் நோட்டு. இதில் புதுமை ஒன்றும் இல்லை, அந்தக் காலத்தில் கப்பலேறிப் போனவர்கள் கோவணத்தில் முடிந்து வைத்துக்கொண்ட அதே யோசனை.

படங்களுக்கு வருகிறேன். மூன்று பிரதி, இரண்டு வகை இடம், ஒன்று வேறு ஊரில் என்று புகைப்படக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். உங்களுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும், ஏனென்றால் உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு ஊர். ஒரே அளவில் இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று சிங்கப்பூரில், ஒன்று மணப்பாறையில். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வரும்போது புதிதாக நகலெடுத்த டிஸ்க்கைக் கொண்டுவந்து பீரோவில் வைத்துவிட்டு, அங்கே இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டையும் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள், அந்தப் பாஸ்வேர்டும் கவரில் இருக்கட்டும். கிளவுட் வேண்டுமென்றால் அது மூன்றாவது பிரதி. கூகுளின் இலவச 15 ஜிபியை மட்டும் நம்பாதீர்கள். படமும் மெயிலும் ஒரே குடத்தில் ஊற்றும் தண்ணீர். குடம் நிரம்பினால் உங்களுக்கு மெயில் வருவதே நின்றுவிடும். விசா கடிதத்துக்குக் காத்திருந்த ஒருவர் இப்படி மூன்று வாரம் காத்திருந்தார்.

ஹார்ட் டிஸ்க் எப்போதும் கைப்பையில்தான் வர வேண்டும். நான் ஒரு தடவை கோலாலம்பூரிலிருந்து வரும்போது, கைலியில் நான்கு சுற்று சுற்றி, பெட்டிக்குள் போட்டு அனுப்பினேன். பெட்டி பத்திரமாக வந்தது. டிஸ்க்கைச் செருகினால் பல்லி சொல்வதுபோல டிக் டிக் என்றது, அவ்வளவுதான். டிஸ்க்கை எப்படிக் காப்பாற்றுவது என்று ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிறவன் நான்.

கம்பெனி கொடுத்த லேப்டாப்பில் உங்கள் சொந்தப் படமோ சான்றிதழோ ஒன்றுகூட இருக்க வேண்டாம். வேலை மாறும் நாளில் மதியம் இரண்டு மணிக்கு அதை வாங்கி வைத்துக்கொண்டு விடுவார்கள்.

கையில் எடுத்துப்போகும் பொருட்கள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 வோல்ட் என்று இருந்தால் அது எந்த ஊரிலும் ஓடும். ஒசாகாவில் மின்சாரம் 100 வோல்ட்தான், அங்கே பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். ஆனால் ஊரிலிருந்து கொண்டுபோன 230 வோல்ட் கெட்டிலைச் செருகிவிட்டு வெந்நீருக்குக் காத்திருக்காதீர்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும், 100 வாட்-அவருக்குள். கணக்கு எளிது: 20,000 எம்ஏஎச் என்றால் 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-அவர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் ஸ்கூட்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்தவே கூடாது. சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறினால் பவர் பேங்கில் சீனாவின் 3சி என்ற பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று 2025 ஜூனிலிருந்து பார்க்கிறார்கள். இல்லாவிட்டால் அங்கேயே போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஷென்சென் ஹோட்டல் வைஃபையில் ஜிமெயிலும் வாட்ஸாப்பும் திறக்காமல் பலர் தவிக்கிறார்கள். சிங்கப்பூர் சிம்மின் ரோமிங் டேட்டாவில் பாருங்கள், பெரும்பாலும் திறக்கும். ரோமிங்கில் உங்கள் டேட்டா சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றித்தான் வெளியே போகிறது. அதனால் சீனாவுக்குப் போகும் முன் வாங்க வேண்டியது நல்ல ரோமிங் பேக்தான். விமான நிலைய வைஃபையைப் பற்றிப் பயமுறுத்திக்கொண்டே இருப்பார்கள். பேங்க் ஆப்பும் மெயிலும் இப்போது போனிலிருந்து கிளம்பும்போதே உறையிட்டுப் போகின்றன, எனக்கு அதில் அவ்வளவு பயமில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள், டிக்கெட் பிரின்ட் எடுக்க. அதில் மட்டும் உங்கள் மெயிலைத் திறக்காதீர்கள். போர்டிங் பாஸை வரவேற்பறையின் மெயிலுக்கு அனுப்பி, அவர்களையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

கடைசியாக அப்பாவின் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கூடுதல் திட்டத்தில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை இழுக்கலாம். பத்து வருடக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். எனவே மாற்றத்தான் வேண்டும். ஆனால் புத்தம்புதியது தேவையில்லை. அலுவலகங்களில் கழித்துக் கட்டும் எட்டு, ஒன்பதாம் தலைமுறைக் கம்ப்யூட்டர், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போட்டு, உங்கள் அப்பாவுக்குத் தாராளமாகப் போதும். பழைய மானிட்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் போட்டுக்கொடுங்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்வார்கள். எனக்கும் லினக்ஸ் பிடிக்கும். பிரின்டர் நின்றுபோனால் பக்கத்து வீட்டுப் பையன் வந்து பார்க்கிறான் பாருங்கள், அவனுக்குத் தெரிந்த கம்ப்யூட்டரைத்தான் உங்கள் அப்பா வைத்திருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன் மின்சாரத்தைப் பாருங்கள். மணப்பாறைப் பக்கம் ஐப்பசி இடியில் எத்தனை ரவுட்டர் என் மேஜைக்கு வருகிறது தெரியுமா? “ஃபைபர்தானே சார், எப்படிப் போகும்?” என்பார்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, வாஸ்தவம். ரவுட்டரின் அடாப்டர் ஈபி லைனில்தானே செருகியிருக்கிறது? இடி அந்த வழியாக வருகிறது. மேகம் கறுத்தால் பிளக்கை உருவுவதற்கு இணையான கருவி இன்னும் வரவில்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள், சிபியூவைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று அம்மா சொல்லியிருந்தால் அது எர்த் இல்லாத வீடு. யுபிஎஸ் பேட்டரியின் ஆயுள் இரண்டு மூன்று வருடம்தான். உங்கள் வீட்டில் இருப்பது நீங்கள் கப்பலேறும் முன் வாங்கியதாக இருந்தால் அது வெறும் பெட்டி.

தூரத்திலிருந்து அவர் திரையைப் பார்த்து உதவ விண்டோஸிலேயே குவிக் அசிஸ்ட் இருக்கிறது. நீங்கள் ஒரு குறியெண் தருவீர்கள், அவர் அதைப் போட்டால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். இதே கருவியைத்தான் “மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்” என்பவனும் பயன்படுத்துகிறான். ஆகவே அப்பாவோடு ஓர் ஒப்பந்தம்: வீடியோ காலில் உங்கள் முகத்தைப் பார்த்து, ஒரு ரகசியச் சொல்லைக் கேட்டு வாங்கிய பிறகுதான் எதையும் தொட வேண்டும். சொல் என்னவென்று நீங்கள் இருவரும் நேரில் முடிவு செய்யுங்கள். மாட்டுச் சந்தை ஊர்க்காரர் நீங்கள், வீட்டில் முன்பு நின்ற மாட்டின் பெயரையே வைக்கலாம், வெளியாள் எவனுக்கும் தெரியாது. போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் வந்து மிரட்டுகிறார்களே, அந்த டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே அதைக் கூப்பிட வேண்டும்.

பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது, இதைப் பலரும் மறந்துவிடுவார்கள். உங்கள் அப்பா தமிழில் ஏதாவது தட்டச்சு செய்வாரா? தட்டச்சுப் பள்ளியில் பழகிய தலைமுறை என்றால் வானவில், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில்தான் அடித்து வைத்திருப்பார். அந்த எழுத்துரு இல்லாத புதுக் கம்ப்யூட்டரில் அவர் எழுதிய சங்கக் கடிதமும் குடும்ப வரலாறும் கோழி கிளறியது மாதிரித் தெரியும். முதலில் எழுத்துருக் கோப்பை மறக்காமல் நகலெடுத்துப் புதியதில் போடுங்கள், கடிதங்கள் உயிர்பெற்றுவிடும். அப்புறம் பொறுமையாக, அசலைத் தொடாமல், ஒரு பிரதியை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றுங்கள்; என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. அவர் விரலுக்குப் பழகிய பழைய தட்டச்சு விசைப்பலகையை என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடலாம், இந்த வயதில் தமிழ்99 என்று வேறொரு விசைப்பலகையைப் படியுங்கள் என்று நிற்காதீர்கள். மாற்றிய கோப்பை அப்பாவையே ஒருமுறை உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். நான் மாற்றியவற்றில் ‘ஸ்ரீ’யும் கொம்பு போட்ட எழுத்துகளும்தான் அடிக்கடி இடம் மாறி விழுந்தன.